மிதிவண்டிப் பட்டறை தரும் நற்சான்று

பட்டம் பெற்றுக் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் கையில் மூன்று பொருள்கள் இருக்கக் காண்கிறோம். ஒன்று மதிப்பெண் பட்டியல்; மற்றொன்று நன்னடத்தைச் சான்றிதழ்; மூன்றாவது, தந்தையாருக்கு வேண்டியவர்களின் முகவரிகள். இவற்றுள் வேலையின் கதவைத் திறப்பது பெரும்பாலும் மூன்றாவதே என்பதைப் பெற்றோர் நன்கு அறிவர். துபாயிலோ ரியாதிலோ தாய்மாமன் ஒருவர் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விசா வந்து சேர்கிறது. அத்தகைய உறவு வாய்க்காத வீட்டுப் பிள்ளை, முதல் வகுப்பில் தேறியவராயினும், 'உங்களைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?' என்னும் கேள்விக்கு விடையின்றி நிற்கிறார். இக்கேள்விக்கு உறவுமுறையால் அன்றி உழைப்பால் விடை தேடித்தரும் ஓரிடத்தைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடம் ஆய்வுக்கூடமும் அன்று, பயிற்சி நிலையமும் அன்று. பழைய மிதிவண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை அது.

சமுதாய மிதிவண்டிப் பட்டறை என்று நான் குறிப்பிடுவது நம் கடைத்தெருவில் உள்ள சைக்கிள் கடையை அன்று. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் தொண்டு நிறுவனங்களாகவும் கூட்டுறவுகளாகவும் இவை இயங்குகின்றன. பொதுமக்கள் தமக்கு வேண்டாத மிதிவண்டிகளை நன்கொடையாகத் தருகின்றனர். தொண்டர்கள் அவற்றைப் பிரித்துப் பூட்டி ஓடும் நிலைக்குக் கொண்டுவருகின்றனர். கருவிகள் யாவும் பொதுவானவை. பழுதான வண்டியோடு வருபவருக்குப் பழுதை நீக்கித் தருவதினும், நீக்கும் முறையைக் கற்றுத்தருவதையே இப்பட்டறைகள் கடமையாகக் கொள்கின்றன. வியன்னா நகரில் பழைய ரயில் எஞ்சின் ஆலையொன்றின் கட்டடத்தில் இத்தகைய பட்டறை 1980களிலேயே தோன்றிவிட்டது. பிரான்சில் இவை பல்கிப் பெருகி, 2010இல் தமக்கென ஒரு கூட்டமைப்பையே உருவாக்கிக்கொண்டன.

இலண்டனில் 2013இல் தொடங்கப்பெற்ற 'தி பைக் ப்ராஜெக்ட்' என்னும் அமைப்பை ஈண்டுச் சற்று விரிவாக நோக்குதல் தகும். இதனை நிறுவிய ஜெம் ஸ்டீன், மாணவராயிருந்த காலத்தில் சூடான் நாட்டின் டார்ஃபூர் பகுதியிலிருந்து தஞ்சம் புகுந்த இளைஞர் ஒருவருக்குத் துணையாக இருந்தவர். அவ்விளைஞருக்கு ஒரு மிதிவண்டி கிடைத்ததால் நேர்ந்த மாற்றத்தைக் கண்டமையே இவ்வமைப்புக்கு வித்தாயிற்று. புலம்பெயர்ந்து வந்தோர்க்குப் புதுப்பித்த மிதிவண்டியோடு தலைக்கவசம், விளக்கு, பூட்டு ஆகியவற்றையும் இவ்வமைப்பு இலவசமாக அளிக்கிறது. ஒரு பகுதி வண்டிகளை விற்றுச் செலவுக்கு வழிதேடிக் கொள்கிறது.

மிதிவண்டி இவர்களுக்கு ஏன் அத்துணை இன்றியமையாதது என்பதற்கு இங்கிலாந்தின் சட்டத்தை அறிதல் வேண்டும். அங்கே தஞ்சம் கோரி விண்ணப்பித்தவர், முடிவு தெரியும் வரை பொதுவாக ஊதியத்துக்கு வேலை பார்த்தல் கூடாது. தம் பிழையின்றி 12 மாதங்களுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் அனுமதி கோரலாம். அப்போதும் அரசு வகுத்துள்ள பட்டியலில் அடங்கிய சில வேலைகளே கிடைக்கும். செலவுக்கென அரசு தரும் தொகை 2024ஆம் ஆண்டில் வாரம் 49 பவுனைச் சற்றே தாண்டியது. அவ்வாண்டில் இலண்டன் பேருந்தில் ஒருமுறை ஏறி இறங்க 1.75 பவுன். வழக்கறிஞரைக் காண ஒரு நாள், மருத்துவமனைக்கு ஒரு நாள், ஆங்கில வகுப்புக்கு இரண்டு நாள் என்று சென்று வந்தாலே வாரத் தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பயணத்திலேயே கரைந்துவிடும். எனவே பலர் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றனர்.

ஆனால் இதே சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஊதியத்துக்கு உழைக்கத்தான் தடை. தொண்டு நிறுவனத்தில் தொண்டராக உழைக்கத் தடையில்லை. மிதிவண்டி பெற வந்தவர் அதனைப் பழுதுபார்க்கும் முறையையும் கற்றுக்கொண்டு, பின்னர் பட்டறையிலேயே தொண்டராய் நின்றுவிடுவது இதனால்தான் இயல்கிறது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நீளும் காத்திருப்பை ஒருவர் எவ்வாறு கழிக்கிறார் என்பது அவருடைய பிற்கால வாழ்வை வெகுவாகத் தீர்மானித்துவிடுகிறது என்றே கருதுகிறேன்.

இனி, அப்பட்டறையில் நடக்கும் வேலை யாது என்பதைக் காண்போம். நன்கொடையாக வந்த வண்டி முதலில் தரம் பிரிக்கப்படும். சட்டத்தில் விரிசல் இருந்தால் அது வண்டியாகாது. உதிரி உறுப்புகளுக்காகப் பிரிக்கப்பட்டுவிடும். தேறிய வண்டியைத் தாங்கியில் ஏற்றிச் சங்கிலி, சக்கரம், பிரேக் கட்டை, அச்சு என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பர். நம் ஊர்க் கடைக்காரர் 'ஓவராயில்' என்று சொல்லும் முழுப் பணி இது. புதிதாக வந்த தொண்டருக்கு முதல்நாள் தரப்படுவது பெரும்பாலும் பஞ்சர் ஒட்டும் வேலை. ஒட்டுப்போட்டு விடுவதோடு அவ்வேலை முடிவதில்லை. டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளோ கண்ணாடிச் சில்லோ தங்கியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பாராமல் பூட்டியவர் மறுநாளே அதே டியூபை மீண்டும் கழற்ற நேரும். அடுத்து மிதிகட்டை. இடப்புற மிதிகட்டையின் மரை ஏனைய மரைகளுக்கு நேர்மாறானது. இதனை அறியாமல் வலிமையைக் காட்டுகிறவர், தளர்த்துவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே போவார். கட்டறுந்த ஆத்திரத்தில் ஸ்பானரை எறிந்தவர்களும் உண்டாம்!

இவ்வேலைகளுள் அரியது சக்கரத்தின் கோட்டத்தை நீக்குவது. 'பெண்டு எடுத்தல்' என்று நம்மவர் வழங்குவர். ஒரு கம்பியை இறுக்கினால் வளையம் ஒருபுறம் சாயும். எதிர்ப்புறக் கம்பியை இறுக்கினால் நேராகும். ஆயினும் ஒன்றைத் தொட்டால் அதன் அண்டையில் உள்ள நான்கும் மாறிவிடும். கால்சுற்று, அரைச்சுற்று என்று பொறுமையாகத் திருகி, சக்கரத்தைச் சுழலவிட்டு, பார்த்து, மீண்டும் திருக வேண்டும். அவசரக்காரருக்கு இது கைவராது. நூலில் படித்தும் வராது. யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது, சீர்களின் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவர் வெண்பா எழுதத் தெரியாமல் திகைப்பதைக் கண்டிருக்கிறேன். ஓசை செவியில் ஏறும்வரை எழுதிப் பார்ப்பதன்றி அதற்கு வேறு வழியில்லை. சக்கரத்தின் நிலையும் அஃதே.

இத்தனையும் ஒருவர் செய்து முடித்த பின்னரும் வண்டி வெளியே போய்விடுவதில்லை. நன்கு நடத்தப்படும் பட்டறைகளில், பழுதுபார்த்தவர் அல்லாத வேறொருவர், தேர்ந்த கைவினைஞர், சோதனைப் பட்டியலை வைத்துக்கொண்டு வண்டியை மறுபடியும் சரிபார்க்கிறார். பிரேக் பிடிக்கிறதா, அச்சு ஆடுகிறதா, கைப்பிடி உறுதியாக உள்ளதா என்று ஒவ்வொன்றாக நோக்கிய பின்னரே வண்டி உரியவரிடம் சேர்கிறது. இவ்விரண்டாம் சோதனையை ஓட்டுபவரின் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றே யாரும் கருதுவர். அது உண்மையே. ஆனால் அது மற்றொரு பணியையும் ஓசையின்றி நிறைவேற்றுகிறது. தொண்டர் செய்த வேலையை, வேலை அறிந்த ஒருவர், வாரந்தோறும் கண்ணால் காண்கிறார். முதல் மாதம் எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டது, ஆறாம் மாதம் எத்தனை முறை அனுப்பப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். அத்தொண்டர் குறித்த நேரத்துக்கு வருபவரா, கருவியை எடுத்த இடத்தில் வைப்பவரா, தன் பிழையை மறைக்காமல் சொல்பவரா என்பதும் தெரியும்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் 51ஆம் அதிகாரத்துக்குப் பின்னரே 'தெரிந்து வினையாடல்' என்னும் 52ஆம் அதிகாரத்தை வைத்தார். ஒருவரை ஆராய்ந்து தெளிந்த பின்னரே வினையை ஒப்படைக்க வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். இன்றைய வேலை தருவோர்க்கும் அதுவே தேவை. ஆனால் அரைமணி நேர நேர்காணலில் யாரை ஆராய்வது, எதைத் தெளிவது? எனவேதான் அவர்கள், ஏற்கெனவே தெளிந்தவர் ஒருவரின் சொல்லை நாடுகின்றனர். இங்கிலாந்தில் வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம், தம்மைப் பற்றிச் சொல்லத்தக்க இருவர் பெயரைக் கேட்பது வழக்கம். தஞ்சம் ஏற்கப்பட்டவர், சில வாரங்களுக்குள் அரசு தந்த தங்குமிடத்தைக் காலிசெய்துவிட்டு வேலை தேடியாக வேண்டும். பிறந்த நாட்டில் அவர் பொறியாளராகவே இருந்திருக்கலாம். அவருடைய பழைய அலுவலகம் குண்டுவீச்சில் தரைமட்டமாகியிருக்கலாம். யார் பெயரை எழுதுவார்? பட்டறையில் ஓராண்டு உழைத்தவருக்கு எழுத ஒரு பெயர் இருக்கிறது. தொலைபேசியில் அழைத்தால் 'இவரை எனக்குத் தெரியும், இவர் செய்த வேலையைப் பார்த்திருக்கிறேன்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். என் கருத்தில், பட்டறை ஒருவரின் வாழ்க்கைத் தொழிலுக்குச் செய்யும் தலையாய உதவி இதுவே. ஸ்பானர் பிடிக்கக் கற்றுத்தருவது இதற்கு அடுத்தபடியே.

மொழியாசிரியன் என்னும் முறையில் மற்றொன்றையும் சொல்ல விரும்புகிறேன். புதிய மொழியை வகுப்பறையில் கற்பவர் சொல்லை முதலில் கற்றுப் பொருளைப் பின்னர் தேடுகிறார். பட்டறையில் பொருள் கையிலேயே இருக்கிறது. சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. 'அதை எடுங்கள்', 'கொஞ்சம் தளர்த்துங்கள்', 'போதும், நிறுத்துங்கள்' என்னும் ஏவல் தொடர்களைப் பத்துமுறை கேட்டுப் பத்துமுறை செய்தவர் ஆயுளுக்கும் மறவார். தவறாகச் சொன்னால் சிரிப்பாரும் இலர். ஏனெனில் அங்கே கண் வண்டியின்மேல் இருக்கிறது, பேசுபவர் முகத்தின்மேல் அன்று. கூச்சமுடைய நம் கிராமத்து மாணவர்கள் ஆங்கிலம் பேச அஞ்சுவதை நாள்தோறும் காணும் நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த 'பைக்ஸ் நாட் பாம்ஸ்' என்னும் அமைப்பு 1984இல் தோன்றியது. 'குண்டுகள் அல்ல, மிதிவண்டிகள்' என்பது அப்பெயரின் பொருள். நிகரகுவா நாட்டில் அமெரிக்க அரசின் உதவியோடு நடந்த உள்நாட்டுப் போரை எதிர்த்த கார்ல் கர்ஸ், மைக்கேல் ரெப்லோகிள் ஆகிய இருவர், அந்நாட்டு மக்களுக்குப் பழைய மிதிவண்டிகளைத் திரட்டி அனுப்பத் தொடங்கினர். பின்னர் அவ்வமைப்பு உள்ளூர் இளைஞர்பால் கவனம் செலுத்தியது. 'உழைத்து வண்டி பெறுக' என்னும் அதன் திட்டத்தில் சேரும் பதின்பருவத்தினர், பழைய வண்டியொன்றைத் தம் கையாலேயே புதுப்பித்துத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ளலாம். அதில் தேர்ந்தவர்களை அவ்வமைப்பு ஊதியம் கொடுத்தே பயிற்சியாளராக அமர்த்தியது. இந்த ஊதியம் என்னும் சொல்லை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அதற்குப் பின்னர் வருவேன்.

நிறுவியவருள் ஒருவரான ரெப்லோகிள் என்பாரின் வாழ்வே இங்கு நோக்கத்தக்கது. போக்குவரத்துப் பொறியாளரான அவர், மிதிவண்டி திரட்டிய அத்தொண்டின் தொடர்ச்சியாக 1985இல் 'ஐ.டி.டி.பி.' எனச் சுருக்கமாக வழங்கும் போக்குவரத்து வளர்ச்சி நிறுவனம் உருவாகக் காரணமானார். 2015இல் நியூயார்க் மாநகரப் போக்குவரத்துத் துறையின் துணை ஆணையராகப் பொறுப்பேற்றார். அந்நிறுவனத்தின் இந்தியக் கிளை நம் சென்னையிலும் பணியாற்றுகிறது. நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதலிடம் தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றபோதும், தியாகராய நகர்ப் பாண்டி பஜார் சாலை நடைபாதை வளாகமாக மாற்றப்பட்டு 2019இல் திறக்கப்பட்டபோதும் அதன் பங்கு இருந்தது. அச்சாலையில் இன்று அகன்ற நடைபாதையில் நடப்பவர்களுள், இந்நிறுவனத்தின் வேர் நிகரகுவாவுக்குப் போன பழைய மிதிவண்டிகளில் இருக்கிறது என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

மிதிவண்டிக் கடை தொழிலுக்கு நாற்றங்காலாக இருப்பது புதிய செய்தியன்று. ரைட் சகோதரர்கள் 1892இல் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை வைத்தவர்கள். 1903இல் அவர்கள் பறக்கவிட்ட வானூர்தியின் எஞ்சினைச் செய்தவர், அக்கடையைக் கவனித்துக்கொள்ள 1901இல் வேலைக்கு அமர்த்தப்பட்ட சார்லி டெய்லர். ஆறே வாரங்களில் அதனைச் செய்து முடித்தார். கடை வேலையில் அவர் கைத்திறனைக் கண்டிராவிட்டால் அச்சகோதரர்கள் அப்பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருப்பார்களா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆக்ஸ்போர்டில் மிதிவண்டிக் கடையொன்றில் வேலை பழகிய வில்லியம் மோரிஸ், கேட்ட ஊதிய உயர்வு கிடைக்காமையால் வெளியேறி, 16 வயதில் 4 பவுன் முதலோடு தனியே தொழில் தொடங்கினார். பின்னாளில் அவர் கார் உற்பத்தியில் இறங்கினார். நம் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசிடர் காரின் மூலவடிவம் அவர் பெயர் தாங்கிய மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியே.

இவற்றைப் படித்துவிட்டு, மிதிவண்டிப் பட்டறைக்குச் சென்ற ஒவ்வொருவரும் உயர்ந்துவிடுவர் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. மிதிவண்டித் தொழிலும் ஏற்ற இறக்கம் உடையதே. 2020இல் கொரோனா பரவியபோது இங்கிலாந்து மக்கள் பேருந்தைத் தவிர்த்து மிதிவண்டியை நாடினர். பழுதுபார்க்கும் கடைகளை இன்றியமையாத பணிகளுள் சேர்த்த அரசு, பழைய வண்டியைச் சீர்செய்ய ஆளுக்கு 50 பவுன் சீட்டும் வழங்கியது. கைவினைஞர்க்குப் பெருந்தேவை எழுந்தது. ஆனால் அந்த வேகம் நிலைக்கவில்லை. 2023 வாக்கில் பெரிய விற்பனை நிறுவனங்களே சரிந்தன. ஆகவே, பட்டறையில் கற்றவர் பட்டறையிலேயே பிழைக்க வேண்டும் என்று எண்ணுதல் தவறு. தச்சு வேலைக்கோ, மருத்துவமனைப் பணிக்கோ, கிடங்குக் கணக்குக்கோ செல்பவருக்கும் அதே பொறுமையும் அதே நற்சொல்லும் பயன்படும்.

இதனினும் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. தொண்டு என்னும் பெயரால் ஏழை இளைஞரின் உழைப்பை ஊதியமின்றி உறிஞ்சுவதாகாதா இது? இவ்வினாவை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஊதியமின்றி ஆறு மாதம் உழைக்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் இயலும். மாலையில் ஜவுளிக் கடையில் நின்று தங்கையின் கட்டணத்துக்குச் சம்பாதிக்கும் மாணவரிடம் தொண்டின் பெருமையைப் பேசுவது அறமாகாது. தொண்டாக உழைப்பவருக்கு எத்துணைக் காலம் என்னும் எல்லை இருத்தல் வேண்டும். அக்காலத்தில் அவர் கற்க வேண்டியவை முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எல்லை கடந்தபின் வேலை தொடருமானால் ஊதியம் தரப்பட வேண்டும். பாஸ்டன் அமைப்பை நான் உயர்வாகக் கருதுவது இதனால்தான். குப்பை பெருக்குவதற்கும் தேநீர் வாங்கிவருவதற்கும் மட்டும் தொண்டரைப் பயன்படுத்தும் பட்டறை, பட்டறை என்னும் பெயருக்கே உரியதன்று.

நம் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் உண்டு. ஆண்டுக்கு 120 மணி, இரண்டாண்டில் 240 மணி உழைத்தவருக்குச் சான்றிதழும் உண்டு. முகாம் நடக்கிறது, சாலையோரம் சுத்தமாகிறது, குழுப்படம் எடுக்கப்படுகிறது. ஆயினும் அந்த 240 மணியில் இம்மாணவர் என்ன செய்தார், எவ்வாறு செய்தார் என்று கேட்டால் பெயரைச் சுட்டி விடை சொல்லக்கூடியவர் அரியர். நூறுபேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவர் கைத்திறன் தெரிவதில்லை. அம்மணிகளில் ஒரு பகுதியை ஏன் ஒரு பட்டறைக்குத் திருப்பிவிடக் கூடாது? வண்டிக்குப் பஞ்சமில்லை. தமிழக அரசு மேனிலைப் பள்ளி மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளுள் எத்தனையோ, ஒரு பால்ரஸ் செட்டுக்கும் ஒரு பிரேக் கம்பிக்கும் வழியின்றி வீட்டுத் திண்ணையில் சாய்ந்து துருப்பிடிக்கின்றன. கற்றுத்தர ஆளுக்கும் பஞ்சமில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்ட கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட பின்னர், அக்கலையில் வல்ல முதியவர்கள் நம் மஹல்லாக்களிலேயே வேலையின்றி அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு மதிப்பூதியம் தந்து அழைப்பது நம் பெரியோர்க்கு இயலாத காரியமன்று.

'பட்டதாரிப் பிள்ளை எண்ணெய்க் கையோடு நிற்பதா?' என்னும் முணுமுணுப்பு எழும் என்பதை அறிவேன். அதே பிள்ளை கடல்கடந்து சென்று, எண்ணெய்க் கிணற்றின் அருகே அதைவிடக் கறைபடிந்த கையோடு நிற்கும்போது நாம் வெட்கப்படுவதில்லை. பெட்டியில் வரும் பொருளை எதிர்பார்க்கிறோம். மாணவியரை விட்டுவிடவும் கூடாது. மேலைநாட்டுப் பட்டறைகள் பல, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைப் பெண்களுக்கென்றே ஒதுக்குகின்றன. நம் கல்லூரிச் சூழலுக்கு அவ்வேற்பாடு மிகவும் பொருந்தும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால், கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத்தந்தது. வண்டி ஓட்டக் கூடுமா என்று அன்று எழுந்த ஏளனம் இன்று எவர் நினைவிலும் இல்லை. ஓட்டக் கற்றவர் திருத்தவும் கற்கலாம்.

தொடங்குவதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. காற்றோட்டமுள்ள ஓர் அறை, இரண்டு தாங்கிகள், ஒரு காற்றடிக்கும் பம்பு, ஸ்பானர் செட்டுகள் சில, ஒரு நீண்ட பதிவேடு. பதிவேட்டில் வண்டிக்கு ஒரு வரி: வந்த நாள், இருந்த பழுது, செய்த வேலை, செய்த மாணவர் பெயர், இரண்டாம் முறை சோதித்தவரின் கையொப்பம், திருப்பி அனுப்பினால் அதற்குரிய காரணம். மூன்றாம் ஆண்டு முடிந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு, அப்பதிவேட்டைப் பார்த்துச் சோதித்தவரே தம் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தரட்டும். 'நல்லவர், ஒழுக்கமுள்ளவர்' என்னும் வழக்கமான இரண்டு வரி வேண்டாம். 'நாற்பது சக்கரம் பெண்டு எடுத்தார். முதல் பத்தில் ஆறு திரும்பி வந்தன. கடைசிப் பத்தில் ஒன்றும் திரும்பவில்லை' என்று எழுதட்டும். அறையின் சாவி துறைத்தலைவரிடம் இருப்பதா, அலுவலகத்தில் இருப்பதா என்னும் வினா எழும்போது, அதனை மாணவர்களுள் மூத்தவர் ஒருவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.